வாக்குச்சீட்டின் கடைசி வரியில் இருக்கும் பதவி: அமெரிக்காவின் மண், நீர் பாதுகாப்பு போர்டுகள் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட கரோலினாவில் குடியுரிமை பெற்று முதல் முறை வாக்களிக்கப் போகிறவர்கள் பலர் அதிபர், செனட்டர், ஆளுநர், நீதிபதிகள் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வருவார்கள். அடியில் ‘சாயில் அண்ட் வாட்டர் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட் சூப்பர்வைசர்’ என்று ஒரு வரி இருக்கும். எதிரே இரண்டு மூன்று பெயர்கள். கட்சிச் சின்னம் கிடையாது. யார் என்று தெரியாது, என்ன வேலை என்றும் தெரியாது. அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவோம்.

அந்த வரியை விடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை. உங்கள் குடிநீர் வரும் ஏரிக்கு மேலே உள்ள வயல்களில் எந்தப் பண்ணைக்கு மானியம் போகும், ஓடைக்கரை அரிப்பைத் தடுக்க யாருக்குப் பணம் கிடைக்கும், உங்கள் வீட்டு முற்றத்தில் மழைத்தோட்டம் (மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் செடிப் பாத்தி) போட உதவி உண்டா என்பதையெல்லாம் முடிவு செய்கிற மேசையில் உட்காருபவர்கள் இவர்கள்தான். அந்த மேசையில் பெரும்பாலும் ஐந்தே நாற்காலிகள். அதில் ஒன்றில் நீங்களும் உட்காரலாம்.

நாடு முழுக்க இப்படிப்பட்ட அமைப்புகள் ஏறத்தாழ 3,000 இருக்கின்றன. பெயர் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் ரிசோர்ஸ் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட், நெப்ராஸ்காவில் நேச்சுரல் ரிசோர்சஸ் டிஸ்ட்ரிக்ட், வாஷிங்டன் மாநிலத்தில் வெறும் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட். உறுப்பினரை ஓரிடத்தில் சூப்பர்வைசர் என்பார்கள், இன்னோரிடத்தில் டைரக்டர், அயோவாவில் கமிஷனர். இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் டிஸ்ட்ரிக்ட், போர்டு, உறுப்பினர் என்றே சொல்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது

வரலாற்றைத் தாண்டிப் போய்விடலாம்தான். ஆனால் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை ஏன் இப்படி இருக்கிறது என்பது அங்கேதான் புரியும்.

1930களில் கன்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ பகுதிகளில் வறட்சி வந்தது. அதற்கு முன்பே புல்வெளிகளை உழுது கோதுமை போட்டிருந்தார்கள். புல் வேர் பிடித்துவைத்திருந்த மண் காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புழுதிப் புயலைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த மாதமே, ஏப்ரல் 27 அன்று, மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வேளாண் துறையின் கீழ் மண் பாதுகாப்புச் சேவை என்று ஒரு நிறுவனம் பிறந்தது. அதன் முதல் தலைவர் ஹியூ ஹாமண்ட் பென்னட், வட கரோலினாவின் ஆன்சன் கவுண்டியைச் சேர்ந்தவர். மண் அரிப்பு ஒரு தேசிய ஆபத்து என்று பல ஆண்டுகள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்த மண்ணியல் அறிஞர்.

சட்டம் வந்துவிட்டது, பணமும் வந்தது. ஆனால் நிலம் தனியாருடையது. தலைநகர் வாஷிங்டனிலிருந்து ஒரு அதிகாரி வந்து ‘சரிவுக்குக் குறுக்கே உழு’ என்றால் எந்த விவசாயி கேட்பார்? அதனால் உள்ளூர்க்காரர்களே நடத்தும் அமைப்பு தேவை என்று முடிவானது. 1937 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பி, இதைப் போல நீங்களும் நிறைவேற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆர்கன்சாஸ் முதலில் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று பென்னட்டின் சொந்த ஊரான ஆன்சன் கவுண்டியில் ப்ரவுன் க்ரீக் டிஸ்ட்ரிக்ட் அமைந்தது. நாட்டின் முதல் டிஸ்ட்ரிக்ட் அதுதான்.

அந்த மாதிரிச் சட்டம் சொன்ன கணக்கு இது: போர்டில் ஐந்து பேர். மூன்று பேரை அந்தப் பகுதி நில உழவர்களும் உரிமையாளர்களும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு பேரை மாநிலக் குழு நியமிக்க வேண்டும், அவர்கள் பயிற்சியாலும் அனுபவத்தாலும் தகுதி பெற்றவர்களாக இருக்க வேண்டும். பெரும்பான்மை மக்கள் கையில், அறிவுத் துணை மாநிலத்தின் கையில். இந்த மூன்று கூட்டல் இரண்டு என்ற அமைப்பு பல மாநிலங்களில் இன்றும் அப்படியே இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை: உங்கள் டிஸ்ட்ரிக்ட்டில் யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

கவுண்டியின் பெயரோடு ‘சாயில் அண்ட் வாட்டர்’ அல்லது ‘கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட்’ என்று சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பல இடங்களில் டிஸ்ட்ரிக்ட்டின் எல்லையும் கவுண்டியின் எல்லையும் ஒன்றே. ஆனால் எப்போதும் அப்படியில்லை. சில மாநிலங்களில் ஒரே டிஸ்ட்ரிக்ட் பல கவுண்டிகளில் பரவியிருக்கும். சில இடங்களில் ஒரு நகராட்சி மட்டும் வெளியே நிற்கும். உங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்துத் தேர்வு முறை. இதில் மாநிலங்களுக்கு இடையே நம்ப முடியாத வேறுபாடு இருக்கிறது. வர்ஜீனியா நண்பர் சொன்னதை வைத்து டெக்சாஸில் முயன்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வட கரோலினாவில் மூன்று பேர் தேர்தலில் வருகிறார்கள், இரண்டு பேர் நியமனம். தேர்தல் இரட்டைப்படை ஆண்டுகளின் நவம்பர் பொதுத் தேர்தலோடு நடக்கும், கட்சி சார்பற்றது, முதற்கட்டத் தேர்தல் கிடையாது. பதிவு செய்த எந்த வாக்காளரும் வாக்களிக்கலாம், அந்த டிஸ்ட்ரிக்ட்டில் வசிக்கும் எந்த வாக்காளரும் போட்டியிடலாம். நிலம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறாதபடி காலத்தைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். நியமன இடங்களுக்கு உள்ளூர் போர்டு பெயரைப் பரிந்துரைக்கும், மாநில அளவிலான மண், நீர் பாதுகாப்பு ஆணையம் நியமிக்கும்.

வர்ஜீனியாவில் டைரக்டர்களை நவம்பரில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கிறார்கள். கடந்த தேர்தல் 2023இல் நடந்தது. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்கான வடக்கு வர்ஜீனியா டிஸ்ட்ரிக்ட்டில் மூவர் தேர்தல் வழியாக, இருவர் நியமனம் வழியாக.

வாஷிங்டன் மாநிலத்திலும் மூன்றும் இரண்டும்தான். ஆனால் தேர்தலை டிஸ்ட்ரிக்ட்டே நடத்தும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. நவம்பர் வாக்குச்சீட்டில் இல்லாமல், ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள், தனியாக. தபாலில் வரும் வழக்கமான வாக்குச்சீட்டில் இதைத் தேடினால் கிடைக்காது. ரெட்மண்டிலும் பாத்தலிலும் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இப்படி ஒரு தேர்தல் நடந்து முடிந்ததே தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். சின்ன டிஸ்ட்ரிக்ட்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவு வாக்குகளில் வெற்றி தோல்வி முடிவதும் உண்டு. எந்த முறையில், எந்த நாளில் வாக்களிப்பது என்பதைப் போர்டு ஒரு தீர்மானமாக நிறைவேற்றும். அந்தத் தீர்மானத்தைப் பார்த்துவிட்டால் போதும்.

ஒகையோவில் எல்லா 88 கவுண்டிகளிலும் தலா ஒரு டிஸ்ட்ரிக்ட், ஐந்து பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மூன்று ஆண்டுப் பதவி. வாக்கெடுப்பு பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட்டின் ஆண்டுக் கூட்டத்தை ஒட்டி நடக்கும்.

டெக்சாஸ் வேறு உலகம். அங்கே 216 டிஸ்ட்ரிக்ட்டுகள். டைரக்டராக வேண்டுமானால் டிஸ்ட்ரிக்ட்டின் எந்த உட்பிரிவுக்குப் போட்டியிடுகிறீர்களோ அதில் விவசாய நிலமோ மேய்ச்சல் நிலமோ உங்கள் பெயரில் இருக்க வேண்டும், வாக்களிப்பவர்களுக்கும் அப்படியே. ஃப்ளோரிடாவில் 2022இல் வந்த சட்டம், போட்டியிடுபவர் விவசாயத்தில் ஈடுபட்டிருக்க வேண்டும், அல்லது பத்தாண்டு செய்து ஓய்வு பெற்றிருக்க வேண்டும், அல்லது விவசாய நிலத்தோடு வேறு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்திவிட்டது.

தேர்தலே இல்லாத மாநிலங்களும் உண்டு. நியூ ஜெர்சியில் மாநிலக் குழு நியமிக்கிறது. பென்சில்வேனியாவில் கவுண்டி நிர்வாகம் நியமிக்கிறது, அதற்கான பெயர்களை அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் கொடுக்கின்றன. நியூயார்க்கிலும் கவுண்டி அவைதான் நியமிக்கும். விஸ்கான்சினில் தனி போர்டே கிடையாது, கவுண்டி போர்டின் ஒரு குழு அந்த வேலையைப் பார்க்கிறது. இப்படிப்பட்ட மாநிலத்தில் இருந்தால் வாக்குச்சீட்டைத் தேடி நேரத்தை வீணாக்காமல், நியமிப்பவர் யார், பெயர் கொடுக்கும் அமைப்புகள் எவை என்று கேளுங்கள்.

நிலம் உள்ளவருக்கு மட்டும் வாக்கு என்பது ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கொள்கைக்கு முரண் இல்லையா என்று கேட்கத் தோன்றும். உச்ச நீதிமன்றம் 1973இல் கலிபோர்னியாவின் துலாரே ஏரிப் படுகை நீர்ச் சேமிப்பு டிஸ்ட்ரிக்ட் வழக்கில், குறுகிய, தனிப்பட்ட நோக்கத்துக்காக அமைந்து நில உரிமையாளர்களையே முக்கியமாகப் பாதிக்கும் டிஸ்ட்ரிக்ட்டில் அவர்களுக்கு மட்டும் வாக்கு கொடுப்பது செல்லும் என்றது. சட்டப்படி அப்படி. என் பார்வையில், ஓடையின் கீழ்ப்பக்கம் வாடகை வீட்டில் இருந்து அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கும் அதில் உரிமை இருக்க வேண்டும். வட கரோலினா, வர்ஜீனியா முறை அதனால்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

உங்கள் நிலை என்ன என்பதில் தெளிவாக இருங்கள்

இது நம்மவர்களுக்கு மிக முக்கியம், கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் வாக்காளராகப் பதிவு செய்யக்கூடாது, பொதுத் தேர்தலில் வாக்களிக்கக்கூடாது. தெரியாமல் செய்தாலும் குடியேற்ற வழக்கில் பெரிய சிக்கலாகும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் ‘வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா’ என்று கேட்டால் குடியுரிமை இல்லாதவர்கள் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்ட்ரிக்ட்டே நடத்தும் தேர்தல், ஆண்டுக் கூட்டத்தில் நடக்கும் வாக்கெடுப்பு போன்றவற்றிலும், ‘சின்ன விஷயம்தானே’ என்று நினைத்து வாக்குச்சீட்டை வாங்கிவிடாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டபின் செய்யுங்கள்.

சரி, அப்படியானால் அவர்களுக்கு இதில் இடமே இல்லையா? நிறையவே இருக்கிறது. கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை, பேசலாம், எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம், ஆவணங்கள் கேட்கலாம். வீடு சொந்தமாக இருந்தால் மானியத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மரக்கன்று விற்பனை, ஓடைத் தூய்மைப் பணி, பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டிகள் என்று தன்னார்வ வேலைகளும் ஏராளம்.

போட்டியிடும் முன் கூட்டங்களுக்குப் போங்கள்

போர்டு பொதுவாக மாதம் ஒரு முறை கூடும். நாள், நேரம், இடம் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். இது திறந்த கூட்டச் சட்டத்தின் கட்டாயம், அவர்களின் பெருந்தன்மை இல்லை. ஊழியர் விவகாரம், வழக்கறிஞர் ஆலோசனை, நிலம் வாங்குவது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே கதவை மூடிப் பேசலாம். அப்போதும் என்ன காரணத்துக்காக மூடுகிறோம் என்று சொல்லித்தான் மூட வேண்டும்.

பல கூட்டங்களில் பார்வையாளர் யாருமே இருக்க மாட்டார்கள். நீங்கள் போய் உட்கார்ந்தால் திரும்பிப் பார்ப்பார்கள், யார் என்று விசாரிப்பார்கள், காபி கொடுப்பார்கள். கூச்சப்பட வேண்டாம். வரவேற்பு உண்மையானதுதான். வருபவர்கள் குறைவு என்ற கவலை அவர்களுக்கும் இருக்கிறது.

நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய கூட்டக் குறிப்புக்கு ஒப்புதல், பொருளாளர் அறிக்கை, ஊழியர் அறிக்கை, பிறகு கூட்டாட்சி அரசின் என்ஆர்சிஎஸ் (நேச்சுரல் ரிசோர்சஸ் கன்சர்வேஷன் சர்வீஸ்) அறிக்கை என்று போகும். 1935இல் பிறந்த அந்த மண் பாதுகாப்புச் சேவைதான் 1994இல் என்ஆர்சிஎஸ் என்று பெயர் மாறியது. பல ஊர்களில் டிஸ்ட்ரிக்ட் ஊழியரும் என்ஆர்சிஎஸ் ஊழியரும் ஒரே கட்டடத்தில், பக்கத்து மேசையில் வேலை செய்வார்கள். முதலில் குழப்பமாக இருக்கும். ஒருவர் கூட்டாட்சி ஊழியர், அவருக்கு போர்டு முதலாளி இல்லை. இன்னொருவர் உள்ளூர் ஊழியர். அவருக்கும் எல்லா இடத்திலும் போர்டே முதலாளி என்று சொல்ல முடியாது. வாஷிங்டனில் டிஸ்ட்ரிக்ட்டே ஆள் எடுக்கிறது. வட கரோலினாவில் பெரும்பாலும் அவர்கள் கவுண்டியின் ஊழியர்கள். யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் பின்னால் பல மனக்கசப்புகள் வராது.

நிகழ்ச்சி நிரலில் எல்லாவற்றையும் விட நீங்கள் கவனிக்க வேண்டியது மானிய ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தரும் பகுதி.

பணம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்

வட கரோலினாவில் 1984இல் விவசாயச் செலவுப் பகிர்வுத் திட்டம் தொடங்கியது. ஜோர்டன் ஏரி, ஃபால்ஸ் ஏரி போன்ற, உரச்சத்து சேர்ந்து கெட்டுக்கொண்டிருந்த நீர்நிலைகளின் படுகைகளில்தான் முதலில் ஆரம்பித்தார்கள். கேரி, ஏபெக்ஸ் ஊர்களின் குழாயில் வருவது ஜோர்டன் ஏரித் தண்ணீர். ராலியில் ஃபால்ஸ் ஏரித் தண்ணீர். வயலின் ஓரத்தில் புல்வரப்பு அமைக்கவும், மாடுகள் ஓடையில் இறங்காமல் வேலி போட்டு வேறு இடத்தில் தண்ணீர்த்தொட்டி வைக்கவும், பண்ணைக் கழிவைப் பாதுகாப்பாகச் சேமிக்கவும் விவசாயிக்கு ஆகும் சராசரிச் செலவில் 75 சதவீதம் வரை மாநிலம் தரும். பணம் மாநிலத்துடையது. யாருக்கு, எந்த வரிசையில் என்பதை உள்ளூர் போர்டு முடிவு செய்கிறது.

விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். அந்த மதிப்பெண் முறையில் எதற்கு எவ்வளவு எடை என்பதைப் போர்டு ஆண்டுதோறும் தீர்மானிக்கும். குடிநீர் ஆதாரத்துக்கு அருகில் இருப்பதற்கு எத்தனை புள்ளி? முதல் முறை விண்ணப்பிப்பவருக்குக் கூடுதல் புள்ளி உண்டா? சின்னப் பண்ணைக்கு? இந்த ஒரு பக்கத் தாளில்தான் ஒரு டிஸ்ட்ரிக்ட்டின் உண்மையான கொள்கை இருக்கிறது என்பேன். தலைவரின் உரையைக் கேட்பதைவிட இதை ஒரு முறை வாசிப்பது மேல்.

வீட்டுக்காரர்களுக்கும் பள்ளிகளுக்கும் வணிக இடங்களுக்கும் தனியாக ஒரு சமூகப் பாதுகாப்பு உதவித் திட்டம் அங்கே உண்டு. மழைத்தோட்டம், மழைநீர்த் தொட்டி, ஓடைக்கரை சீரமைப்பு போன்றவற்றுக்கு உதவி கிடைக்கும். பணம் குறைவு, காத்திருப்போர் பட்டியல் நீளம். இருந்தாலும் புறநகர்வாசிகளுக்கு இந்த போர்டோடு முதல் உறவு ஏற்படுவது பெரும்பாலும் இந்தத் திட்டத்தின் வழியாகத்தான்.

இங்கே ஒரு நெருடல் இருக்கிறது. போர்டு உறுப்பினர்களில் பலர் விவசாயிகள். அவர்களும் மானியத்துக்கு விண்ணப்பிப்பார்கள். நல்ல விவசாயி தன் நிலத்தில் நல்ல வேலை செய்ய உதவி கேட்பதில் தவறில்லை. ஆனால் தன் விண்ணப்பத்துக்குத் தானே கை தூக்கக் கூடாது. வட கரோலினாவில் உறுப்பினரின் சொந்த ஒப்பந்தம் மாநில ஆணையத்தின் ஒப்புதலுக்குப் போக வேண்டும். கூட்டத்தில் இப்படி ஒரு விண்ணப்பம் வரும்போது அந்த உறுப்பினர் ‘இதில் எனக்கு நலன் இருக்கிறது’ என்று சொல்லி விலகுகிறாரா, அது குறிப்பில் பதிவாகிறதா என்று பாருங்கள். ஒரு போர்டின் நேர்மையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

கூட்டாட்சிப் பணம், குறிப்பாக ஈக்விப் என்று அழைக்கப்படும், விவசாயிகளின் பாதுகாப்புப் பணிகளுக்கு உதவும் திட்டம், என்ஆர்சிஎஸ் கையில் இருக்கிறது. அதற்கு போர்டு ஒப்புதல் தருவதில்லை. ஆனால் உள்ளூரில் எந்தப் பிரச்சினைக்கு முன்னுரிமை என்று கருத்துக் கேட்கும் கூட்டத்தை டிஸ்ட்ரிக்ட்தான் கூட்டும். பத்து ஆண்டுக்கும் குறைவாக விவசாயம் செய்பவர்களுக்கு அந்தத் திட்டத்தில் 90 சதவீதம் வரை உதவி கிடைக்க வழியுண்டு. கொஞ்சம் நிலம் வாங்கிப் பயிர் செய்யத் தொடங்கியிருக்கும் நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

போர்டால் என்ன முடியாது

பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் மழைநீரை உங்கள் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டார் என்று புகார் கொண்டுபோனால், வந்து பார்த்து யோசனை சொல்வார்கள், அவ்வளவுதான். சேர விரும்புகிறவரோடு சேர்ந்து வேலை செய்வதுதான் ஆரம்பத்திலிருந்து இவர்களின் வழி.

விலக்குகள் உண்டு. நியூ ஜெர்சியில் 5,000 சதுர அடிக்கு மேல் நிலத்தைக் கிளறும் கட்டுமானங்களுக்கு டிஸ்ட்ரிக்ட்டின் மண் அரிப்புத் திட்டச் சான்று வேண்டும். நெப்ராஸ்கா எல்லோரையும் தாண்டி நிற்கிறது. அங்கே சிதறிக் கிடந்த 154 சிறப்பு டிஸ்ட்ரிக்ட்டுகளை ஒன்றுசேர்த்து, 1972இல் ஆற்றுப் படுகைகளை ஒட்டி எல்லை வரைந்தார்கள். இன்று 23 இருக்கின்றன. அவற்றுக்குச் சொத்து வரி விதிக்கும் அதிகாரம் உண்டு, நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் உண்டு. தண்ணீர் ஓடும் வழிப்படி எல்லை போட்டதுதான் அதன் சிறப்பு என்று நினைக்கிறேன். ஜோர்டன் ஏரிக்கு வரும் ஹா ஆறு பல கவுண்டிகளைக் கடந்து வருகிறது. கேரியில் இருக்கும் ஒருவருக்கு ஆற்றின் மேல்பக்கம் உள்ள கவுண்டிகளின் போர்டில் வாக்கு இல்லை. தன் போர்டு வழியாகத்தான் அந்த போர்டுகளோடு பேச வேண்டும்.

உள்ளே போக மூன்று கதவுகள்

எளிதானது துணை உறுப்பினர் பதவி. அசோசியேட் சூப்பர்வைசர், அசோசியேட் டைரக்டர் என்று சொல்வார்கள். வாக்கு இல்லை, ஆனால் மேசையில் இடம் உண்டு, பேசலாம், குழுக்களில் வேலை செய்யலாம். கூட்டங்களுக்குத் தொடர்ந்து வரும் ஒருவரைக் கண்டால் போர்டே கூப்பிடும். கலிபோர்னியாவில் சொந்த நிலம் இல்லாதவருக்கு, இரண்டு ஆண்டுத் துணை டைரக்டர் அனுபவம் முழு டைரக்டர் தகுதியையே தருகிறது. அங்கே இருப்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது நியமனம். மாதிரிச் சட்டத்தின் அந்த இரண்டு நாற்காலிகள். மூன்று தேர்தல் இடங்களும் ஒரே வகை ஆட்களால், ஊரில் பெயர் தெரிந்த பழைய குடும்பங்களால், நிரம்பிவிட்டாலும் வெளியிலிருந்து ஒரு நீரியல் பொறியாளர், ஒரு தாவரவியல் ஆசிரியர், ஒரு கணக்காளர் உள்ளே வர வழி வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். நம்மவர்களில் வரைபடத் தரவு, நிதி, பொறியியல் தெரிந்தவர்கள் எத்தனை பேர்! அந்தத் திறமை பல போர்டுகளில் அறவே இல்லை. வாஷிங்டனில் மாநில ஆணையத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். வட கரோலினாவில் உள்ளூர் போர்டின் பரிந்துரை வேண்டும், அதனால் அவர்களுக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டங்களுக்குப் போங்கள் என்று மேலே சொன்னதன் பலன் இங்கே கிடைக்கும்.

இடையில் ஒரு இடம் காலியானாலும் பல மாநிலங்களில் நியமனத்தால்தான் நிரப்புவார்கள். மனு போட யாருமே இல்லாமல், கையால் எழுதப்பட்ட பெயர்களில் அதிக வாக்கு வாங்கியவர் உறுப்பினராவதும் வட கரோலினாக் கவுண்டிகளில் நடக்கிறது.

மூன்றாவது தேர்தல். பயப்படும் அளவுக்குச் செலவு இல்லை. வட கரோலினாவில் கவுண்டித் தேர்தல் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும், கட்டணம் ஐந்து டாலர். மினசோட்டாவில் இருபது டாலர். வர்ஜீனியாவில் கட்டணத்துக்குப் பதிலாக உங்கள் பகுதிப் பதிவு வாக்காளர்கள் 25 பேரின் கையெழுத்து. 40 பேரிடம் வாங்கிவிடுங்கள், முகவரி பொருந்தாமல் சில தள்ளுபடியாகும். தேர்தல் நிதிக் கணக்கு விதிகளை மனு கொடுக்கும் அன்றே அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் மண்டபத்திலும் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவிலும் பிரசாரம் செய்யலாமா என்பார்கள். வரி விலக்குப் பெற்ற கோயிலும் சங்கமும் அமைப்பாக ஒரு வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது. தனி ஆட்கள் தங்கள் பெயரில் ஆதரிப்பதில் தடையில்லை.

பிரசாரத்தில் என்ன பேசுவது? பெரிய அரசியல் வேண்டாம். எந்த ஓடை, எந்தக் கரை, எந்தப் பள்ளி என்று பேசுங்கள். வாக்காளர்களில் பெரும்பாலானோருக்கு இந்தப் பதவி என்னவென்றே தெரியாது, நீங்கள் விளக்கிச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. விவசாயிகளையும் கட்டாயம் போய்ப் பாருங்கள். ‘புறநகர்க்காரர் வந்து நமக்கு வகுப்பெடுக்கப் போகிறார்’ என்ற ஐயம் அவர்களுக்கு இருக்கும், அது நியாயமானதுதான். வயலில் நின்று அவர் சொல்வதைக் கேட்பதுதான் அதற்கு மருந்து.

தேர்வாகிவிட்டால்

பதவிப் பிரமாணம், பிறகு பயிற்சி. வட கரோலினாவில் புதிய உறுப்பினர்களுக்கு வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் அரசாட்சிப் பள்ளி வகுப்பு நடத்துகிறது. சம்பளம் கிடையாது, பயணச் செலவு போன்றவை கிடைக்கலாம். வாஷிங்டன் சட்டமும் ஊதியமில்லை, செலவு மட்டும் என்கிறது. மாதம் ஒரு மாலை என்று நினைத்து வராதீர்கள். கூட்டத்துக்கு முந்தைய வாசிப்பு, பண்ணை நேரடி ஆய்வு, பட்ஜெட் காலத்தில் கவுண்டி அதிகாரிகளோடு பேச்சு என்று வேலை இருக்கும். முடித்த பணிகள் உண்மையிலேயே பராமரிக்கப்படுகின்றனவா என்று களத்தில் போய்ப் பார்ப்பதும் உறுப்பினரின் கடமை. இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி எது என்று கேட்டால் இதையே சொல்வேன். தாளில் ‘புல்வரப்பு, 30 அடி’ என்று இருப்பது களத்தில் என்னவாக இருக்கிறது என்று நேரில் தெரியும்.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் ஆகியோரை உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். ஐவரில் மூவர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். இதில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று உறுப்பினர்கள் பேருந்து நிறுத்தத்தில் சந்தித்துப் போர்டு விவகாரத்தைப் பேசினாலும் அது அறிவிக்கப்படாத கூட்டமாகிவிடலாம். மின்னஞ்சலில் எல்லோருக்கும் பதில் போட்டு விவாதிப்பதும் அதே வகை. தகவலை ஊழியர் வழியாக அனுப்புங்கள், விவாதத்தைக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஜிமெயிலில் அனுப்பினாலும் போர்டு வேலை குறித்த கடிதம் பொது ஆவணமே.

ஊழியர்களுக்குத் தனியாக உத்தரவு போடாதீர்கள். போர்டு பேசுவது தீர்மானத்தின் வழியாகத்தான், தனி உறுப்பினருக்கு அதிகாரம் இல்லை. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

ஏதாவது தவறு நடந்தால்

கூட்டக் குறிப்பு வெளியாகவில்லை, ஒப்புதல் எப்படி வந்தது என்று புரியவில்லை என்றால் முதலில் எழுத்தில் ஆவணம் கேளுங்கள். எந்த மாதக் கூட்டம், எந்த ஒப்பந்தம் என்று குறிப்பாகக் கேட்டால் வேகமாகக் கிடைக்கும். பிறகு கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில், உங்களுக்குக் கொடுத்த சில நிமிடங்களுக்குள், ஒரே கேள்வியை மட்டும் வையுங்கள். அது குறிப்பில் ஏறிவிடும். அதற்கும் பதில் இல்லையென்றால் மாநில ஆணையத்துக்கு எழுதலாம். வட கரோலினாவிலும் வாஷிங்டனிலும் கடமை தவறிய உறுப்பினரை, அறிவிப்பும் விசாரணையும் தந்த பிறகு, ஆணையம் நீக்க முடியும். அரிதாகப் பயன்படும் அதிகாரம்.

நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

வட கரோலினா: மனுத் தாக்கல் இரட்டைப்படை ஆண்டுகளில் ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி ஜூலை முதல் வாரம் முடியும். தேர்தல் நவம்பர், பதவியேற்பு டிசம்பர் தொடக்கம்.

வர்ஜீனியா: அடுத்த தேர்தல் 2027 நவம்பர். கையெழுத்து வாங்கும் வேலையை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கலாம்.

வாஷிங்டன்: உள்ளூர்த் தேர்தல் தீர்மானத்தை முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலிருந்தே கவனியுங்கள். நியமன இடத்துக்கான விண்ணப்பம் மார்ச் 31க்குள் ஆணையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பதவியில் இருப்பவர் ஒருவர் மட்டுமே மனு போட்டிருந்தால் அங்கே வாக்கெடுப்பே நடத்தாமல் அவர் தொடர விதி இடம் தருகிறது. ஆகவே மனுவின் கடைசி நாளைத் தவறவிட்டால் அந்த இடத்துக்கு இன்னும் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்.